செர்மாட்டில் எந்த மலையில் ஏறுவது?

ஒவ்வொரு வருடமும் யூலை மாதத்தில் எங்கள் வீட்டில் ஒரே கேள்விதான். லண்டன், ரொறன்ரோ, பாரிஸ் என்று எங்கிருந்தாவது சொந்தக்காரர்கள் கோடை விடுமுறைக்கு வருவார்கள். பேர்ணில் எங்களோடு மூன்று நாள் நிற்பார்கள். முதல் நாள் இரவு இடியப்பமும் சொதியும் முடிந்து தேத்தண்ணி வரும்போது யாராவது தொடங்குவார்கள்: "தம்பி, செர்மாட்டுக்குப் போய் ஒரு மலை ஏறவேணும். எதில ஏறலாம்?"

போன வருடம் கேட்டது லண்டன் அக்கா. அவர் கேட்டு முடிக்க முதலே அவரின் மகன், என் மருமகன், கைபேசியை நீட்டினான். பத்தொன்பது வயது. 'மிகச் சுலபமான நாலாயிரம்', அதாவது நாலாயிரம் மீட்டரைத் தாண்டிய மலை, என்று யாரோ போட்ட வீடியோ. வெள்ளைப் பனியில் ஆட்கள் வரிசையாக நடக்கிறார்கள். "மாமா, இதுதான் பிரைட்ஹோர்ன். கேபிள் கார்ல போய் ரெண்டு மணித்தியாலம் நடந்தாக் காணும்." அத்தானுக்கு இடது முழங்காலில் நோ. எங்களோடு இருக்கிற அம்மாவுக்கு 74 வயது, பிரஷருக்குக் குளிசை எடுக்கிறவர். எல்லோரும் ஒரே நாளில் போய் ஒரே நாளில் திரும்ப வேண்டும். அன்றிரவு அவர்களுக்கு நான் சொன்னதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். சுவிசுக்கு வருகிற மற்றவர்களுக்கும் உதவும்.

செர்மாட், வலே மாநிலத்தில் ஒரு பள்ளத்தாக்கின் கடைசி ஊர். அதற்கப்பால் தெருவே இல்லை. நிரந்தரமாக வாழ்கிறவர்கள் ஆறாயிரம் பேர் வரமாட்டார்கள். ஊர் இருப்பது 1600 மீட்டருக்குச் சற்று மேலே. சுற்றி நிற்பவற்றில் 4000 மீட்டரைத் தாண்டிய சிகரங்கள் முப்பதுக்கும் மேல். பெற்றோல் காரை ஊருக்குள் விடமாட்டார்கள். காரில் வருகிறவர்கள் டெஷ் என்ற முன் ஊரில் நிறுத்திவிட்டு 12 நிமிடம் ரெயிலில் வரவேண்டும். பேர்ணிலிருந்து ரெயிலில் வந்தால் விஸ்ப்பில் ஒரு மாற்றம், மொத்தம் இரண்டு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூட. 2007இல் லோட்ஷ்பெர்க் மலைக்கு அடியில் 34.6 கிலோமீட்டர் சுரங்கம் திறந்த பிறகுதான் செர்மாட்டுக்கு ஒரே நாளில் போய் மலையும் ஏறித் திரும்புவது எங்களுக்குச் சாத்தியமானது.

மாட்டர்ஹோர்னை முதலிலேயே கணக்கிலிருந்து எடுத்துவிடுவோம். 4478 மீட்டர், எல்லா சொக்கிலேற் பெட்டியிலும் இருக்கிற அந்தக் கூம்பு. அது நடந்து ஏறுகிற மலை இல்லை. பாறை ஏறப் பழகியவர்கள், வழிகாட்டியோடு கயிறு கட்டி ஏறுகிற மலை. 1865 யூலை 14ஆம் திகதி எட்வர்ட் விம்பரும் கூட வந்த ஆறு பேரும் முதன்முதலில் உச்சியைத் தொட்டார்கள். இறங்கும் வழியில் ஒருவர் வழுக்கினார், கயிறு அறுந்தது, நான்கு பேர் விழுந்து இறந்தார்கள். அறுந்த அந்தக் கயிற்றின் துண்டு இன்றைக்கும் ஊர் நடுவில் உள்ள அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது. சுண்டுவிரல் தடிப்புக்கூட வராது. யார் வந்தாலும் மலைக்குப் போக முதல் அதைக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டவே எனக்கு விருப்பம். ஏறுவதைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். இறங்குவதைப் பற்றி எவரும் கேட்பதில்லை. செர்மாட்டில் எந்த மலை என்று தீர்மானிப்பதே எப்படி இறங்கப்போகிறீர்கள் என்பதில்தான் இருக்கிறது.

அப்படிப் பார்த்தால் சாதாரண ஆட்களுக்கு மிஞ்சுவது நான்கு. கோர்னர்கிராட், 3089 மீட்டர். ஓபர்ரோட்ஹோர்ன், 3414. மெட்டல்ஹோர்ன், 3406. பிரைட்ஹோர்ன், 4160 சொச்சம். நான்கிலும் ஏறியிருக்கிறேன், சிலதில் பல தடவை.

மருமகன் கேட்ட பிரைட்ஹோர்னில் இருந்தே தொடங்குகிறேன், அதில்தான் ஆட்கள் அதிகம் ஏமாறுகிறார்கள்.

வீடியோவில் பொய் இல்லை. கேபிள் காரில் கிளைன் மாட்டர்ஹோர்னுக்குப் போகலாம். அதன் பார்வைமேடை 3883 மீட்டரில் இருக்கிறது. அங்கிருந்து உச்சிக்கு ஏறவேண்டியது சொற்பம், நானூறு மீட்டருக்குள். வழக்கமாக இரண்டு மணித்தியாலம். ஆல்ப்ஸில் உள்ள நாலாயிரங்களில் இது சுலபமானது என்பதும் உண்மை. ஆனால் அந்தச் 'சுலபம்' மலையேறிகளின் கணக்கு. நடப்பது முழுக்கப் பனியாற்றின் மேல், மெல்ல நகர்கிற பெரிய பனிக்கட்டிப் படுக்கையின் மேல். பனியாற்றில் பிளவுகள் இருக்கும், அவற்றின் மேல் மெல்லிய பனி மூடியிருக்கும், மேலிருந்து பார்த்தால் வெறும் வெள்ளைத் தரைதான். அதனால்தான் கயிற்றில் ஒருவரோடு ஒருவர் கட்டிக்கொண்டு நடப்பது. கடைசிச் சரிவு நல்ல செங்குத்து. சப்பாத்தில் இரும்புப் பல் கட்டாமல் நிற்கவே முடியாது.

நான் வழிகாட்டியோடு போனேன். எனக்கு நினைவில் நிற்பது உச்சி இல்லை, சப்பாத்தில் பல் கட்டிய அந்த ஐந்து நிமிடம்தான். குனிந்து வாரை இழுத்தேன், நிமிர்ந்தேன், இரண்டாம் மாடிக்கு ஓடி ஏறினது போல மூச்சு வாங்கியது. காலையில் 540 மீட்டரில் உள்ள பேர்ணில் பல் துலக்கியவன், பத்து மணிக்கு 3800இல் நிற்கிறேன். அந்த உயரத்தில் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கிற பிராணவாயு கடல் மட்டத்தில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவு. உடம்புக்கு அது தெரிய வருவது நடக்கத் தொடங்கிய பிறகு. தலையிடி வரும், வயிற்றைப் பிரட்டும். இளம் பிள்ளைகளுக்கு வராது என்று நினைப்பது பிழை. பலசாலி, மெலிந்தவர் என்ற வித்தியாசம் அதற்குத் தெரியாது. அன்றைக்கு எங்கள் கயிற்றில் சோர்ந்து போனது எங்களில் இளையவர்.

அதோடு பனியாறுகளும் முந்தின பனியாறுகள் இல்லை. 2022, 2023 ஆகிய இரண்டு கோடைகளில் மட்டும் சுவிஸ் பனியாறுகள் தங்கள் பருமனில் பத்தில் ஒரு பங்கை இழந்துவிட்டன. மூடியிருந்த பனி உருக, பிளவுகள் நேரத்தோடு திறக்கின்றன. ஐந்து வருடத்துக்கு முதல் யாரோ எடுத்த வீடியோவில் உள்ள பாதை இந்த ஓகஸ்டில் அதே பாதையாக இருக்கும் என்று நம்ப ஏலாது. ஆகவே என் தீர்ப்பு இது: வழிகாட்டிக்குக் காசு எடுத்து வைத்து, செர்மாட்டில் ஓரிரு இரவு தங்கி உடம்பைப் பழக்கி, அதற்கு முதல் மூவாயிரத்துச் சொச்ச மலை ஒன்றிலாவது நடந்து பார்த்தவர்களுக்குப் பிரைட்ஹோர்ன் அருமையான நாள். பேர்ணிலிருந்து காலையில் வெளிக்கிட்டுப் போகிறவர்களுக்கு அது வேண்டாம். ஓடுகிற சப்பாத்தோடு 'கொஞ்சத் தூரம் போய்ப் பார்ப்போம்' என்று பனியில் இறங்குகிறவர்களைக் கண்ணால் கண்டிருக்கிறேன். கண்டதும் வயிறு கலங்கும். அந்தக் 'கொஞ்சத் தூரம்' எங்கே முடியும் என்று அவர்களுக்குத் தெரியாது.

கோர்னர்கிராட் இதற்கு நேர் எதிர். ரெயில் உச்சிவரை போகிறது. 1898இல் திறந்த பற்சக்கரப் பாதை. அந்தக் காலத்திலேயே மின்சாரத்தில் ஓடியது. 33 நிமிடத்தில் கிட்டத்தட்ட 1470 மீட்டர் உயரம் ஏறிவிடும். மேலே போய் இறங்கினால் ஒரு பக்கம் மாட்டர்ஹோர்ன், மறு பக்கம் மொன்ட்டே ரோசா, அதன் 4634 மீட்டர் டுஃபோர் முனை, கீழே கோர்னர் பனியாறு. சுவிஸ் மண்ணில் டுஃபோர் முனையைவிட உயர்ந்த இடம் இல்லை. இவ்வளவும் ஒரு மூதாட்டி தள்ளுவண்டியில் இருந்தபடியே பார்க்கலாம்.

இதை 'மலை ஏறினது' என்று சொல்லலாமா என்று சில பிள்ளைகள் கேட்பார்கள். நடக்கத்தான் வேண்டுமென்றால் ஒரு வழி இருக்கிறது, அதிகம் பேர் செய்வதில்லை. ரெயிலில் நேரே உச்சிக்குப் போகாமல் ரிஃபெல்பெர்க்கில், 2582 மீட்டரில், இறங்குங்கள். அங்கிருந்து 500 மீட்டர் உயரத்தை இரண்டு மணித்தியாலத்தில் ஆறுதலாக நடந்து ஏறலாம். வழியில் ரிஃபெல்சே என்ற குளம் வரும். காற்றில்லாத காலையில் மாட்டர்ஹோர்ன் அதில் தலைகீழாக நிற்கும். ஒன்பது, பத்து மணிக்குக் காற்று எழும்பினால் அலை வந்து எல்லாம் கலைந்துவிடும். உச்சியில் ஒரு கோப்பி குடித்துவிட்டு ரெயிலில் இறங்கலாம். பெரும்பாலானவர்கள் இதை மாறிச் செய்கிறார்கள்: ரெயிலில் ஏறி நடந்து இறங்குகிறார்கள். முழங்கால் நோ உள்ளவர்களுக்கு அது கொடுமை. ஏறும்போது இளைப்பது நெஞ்சு, இறங்கும்போது அடி வாங்குவது முழங்கால். நெஞ்சு பத்து நிமிடம் இருந்தால் ஆறிவிடும். முழங்கால் ஆற ஒரு கிழமை வேண்டும்.

வயதானவர்களைக் கூட்டிப்போகிறவர்களுக்கு ஒரு சொல். 3089 மீட்டர் என்பது சின்ன உயரம் இல்லை. சிவனொளிபாதமலை 2243 மீட்டர், இலங்கையின் மிக உயர்ந்த பிதுருதலாகல 2524. அவற்றைவிட எவ்வளவோ மேலே அரை மணித்தியாலத்தில் ஒரு முதியவரைக் கொண்டுபோய் வைக்கிறோம். இருதய வருத்தம், பிரஷர் உள்ளவர்கள் தங்கள் வைத்தியரை ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போவது நல்லது. மேலே போய் அவசரப்படாமல், படி ஏறி ஓடாமல், ஒரு மணித்தியாலத்தில் திரும்பிவிட்டால் பெரும்பாலானவர்களுக்குப் பிரச்சினை வருவதில்லை. யூலையிலும் கம்பளிச் சட்டை வேண்டும். 650 மீட்டரில் உள்ள விஸ்ப்பில் 25 பாகை என்றால் மூவாயிரத்துக்கு மேலே பத்துக்கும் கீழே, அதிலும் காற்று.

ஓபர்ரோட்ஹோர்ன் என்ற பெயரை எங்கள் ஆட்களில் கேள்விப்பட்டவர்கள் குறைவு. எனக்கு அது வியப்பு. 'ரோட்' என்றால் சிவப்பு, 'ஹோர்ன்' என்றால் கொம்பு. பக்கத்தில் போனால் பாறை உண்மையிலேயே துருப்பிடித்த இரும்பின் நிறம். 3414 மீட்டர் உயர மலை, ஆனாலும் பனியாற்றில் ஒரு அடி வைக்காமல் குறியிட்ட நடைபாதையிலேயே உச்சிவரை போகலாம். ஆல்ப்ஸில் அப்படி ஏறக்கூடிய மிக உயரமான மலைகளில் இதுவும் ஒன்று.

போகும் வழியைச் சொல்கிறேன். செர்மாட் ரெயில் நிலையத்திலிருந்து பத்து நிமிடம் நடந்தால் சுன்னெக்காவுக்குப் போகும் சுரங்க ரெயில். மலைக்குள்ளால் நாலைந்து நிமிடத்தில் 2288 மீட்டருக்குத் தூக்கிவிடும். அங்கிருந்து கோண்டலாவில் பிளவ்ஹேர்ட், 2571 மீட்டர். இங்கேயே பிதுருதலாகலவைத் தாண்டியாயிற்று. இன்னொரு கேபிள் காரில் ரோட்ஹோர்ன் நிலையம், 3100. நடக்க விருப்பம் உள்ளவர்கள் பிளவ்ஹேர்ட்டில் இறங்கி ஏறலாம், உச்சிவரை 850 மீட்டர். நேரம் குறைந்தவர்கள் ரோட்ஹோர்ன் நிலையம் வரை போய், அங்கிருந்து 120 மீட்டர் இறங்கி ஃபுர்க்ஜி என்ற கணவாய்க்கு வந்து, அதிலிருந்து 430 மீட்டர் ஏறலாம். அப்படியென்றால் உச்சிக்கு ஒன்றே முக்கால் மணித்தியாலம் போதும்.

ஃபுர்க்ஜியில்தான் இந்த மலையின் குணம் தெரியும். கணவாயில் காற்று எப்போதும் அடிக்கும். இரண்டு மலைக்கு நடுவில் தேத்தண்ணிப் போத்தலைத் திறந்தால் ஆவி மேலே எழும்பாமல் பக்கவாட்டில் ஓடும். நாங்கள் வழக்கமாக அங்கே தொப்பியையும் கையுறையையும் போட்டுக்கொண்டுதான் தொடங்குவது. பாதை பெரிய பெரிய வளைவுகளாகத் தெற்குச் சரிவில் ஏறுகிறது. தெற்குப் பக்கம் என்பதால் மற்ற மலைகளுக்கு முதலே பனி உருகிக் காய்ந்துவிடும். பாதி வழியில் பாதை ஒடுங்குகிற இடத்தில் பாறையில் கயிறு கட்டியிருக்கிறார்கள். ஏறுவதற்கு இல்லை, கை பிடித்துக்கொள்ள. உயரப் பயம் உள்ளவர்களுக்கு அங்கே மனம் ஒரு தரம் நின்று யோசிக்கும். உச்சிக்குக் கிட்ட சின்னச் சின்னத் தட்டைக் கற்கள் காலடியில் கலகலவென்று நகரும். அங்கே அடியைப் பார்த்து வைக்க வேண்டும்.

உச்சியில் நின்றால் மாட்டர்ஹோர்ன் நேர் எதிரே. அதன் கிழக்கு முகம் உங்களைப் பார்த்து இருக்கும், ஆகவே காலை வெயில் அதில் விழுகிற நேரம் போய்விட வேண்டும். பின்னேரம் சூரியன் அதற்குப் பின்னால் போய்விடும், படம் எடுத்தால் கறுப்பு நிழல்தான் வரும். தெற்கே ஃபின்டெல் பனியாறு கீழே கிடக்கும், கிழக்கே ரிம்ஃபிஷ்ஹோர்ன், வடக்கே டோம். கோர்னர்கிராட்டில் உள்ளது போல உணவகமோ கூட்டமோ இல்லை. நாங்கள் போன ஒரு செப்டெம்பர் நாளில் உச்சியில் நாங்களும் ஒரு சோடிக் காகங்களும்தான். மஞ்சள் சொண்டுக் காகங்கள். ரோல்ஸ் பெட்டியைத் திறந்ததும் ஒரு அடி தள்ளி வந்து நின்றன.

இறங்கும் வழியில்தான் ஓபர்ரோட்ஹோர்ன் மற்ற எல்லாவற்றையும் வெல்கிறது. ஃபுர்க்ஜிக்கு இறங்கியதும் இரண்டு தெரிவு கையில் இருக்கும். முழங்கால் முறையிடுகிறதா, 120 மீட்டர் ஏறி ரோட்ஹோர்ன் நிலையத்துக்குப் போய் கேபிள் காரில் இருங்கள். கால் நன்றாக இருக்கிறதா, பிளவ்ஹேர்ட்டுக்கு நடந்து இறங்கி, ஸ்டெல்லிசே குளத்தடியில் சப்பாத்தைக் கழற்றி ஒரு மணித்தியாலம் இருங்கள். வானம் கறுத்தாலும் உள்ளே ஒதுங்கி நிற்கக்கூடிய நிலையம் ஒன்று கிட்ட இருக்கிறது. ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது: காலையில் ஏறும்போதே கடைசி வண்டியின் நேரத்தைப் பலகையில் பார்த்துப் படம் எடுத்துவிட வேண்டும். தவறவிட்டால் பிளவ்ஹேர்ட்டிலிருந்து ஊருக்கு 950 மீட்டர் நடந்துதான் இறங்கவேண்டும். அந்த முழங்காலோடு.

இனி மெட்டல்ஹோர்ன். என் மனதுக்கு மிக நெருக்கமான மலை, ஆனால் வருகிற சொந்தக்காரர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு நான் வேண்டாம் என்று சொல்கிற மலையும் இதுதான்.

கேபிள் கார் இல்லை, ரெயில் இல்லை. ஊரின் பிரதான தெருவில் கடைகளுக்கு நடுவால் ஒரு ஒழுங்கைக்குள் நுழைந்தால் ஏற்றம் தொடங்குகிறது. பிறகு 1800 மீட்டர் ஏற்றம்தான். முதல் ஒரு மணித்தியாலம் காட்டுக்குள்ளால். ஊர்க் கூரைகள் கற்பலகை கற்பலகையாகக் கீழே சிறுத்துக்கொண்டு போகும். பிறகு திரிஃப்ட் ஓடையின் பள்ளம், தண்ணீர் இரைச்சலில் பக்கத்தில் வருகிறவரோடு கதைக்க ஏலாது. இரண்டு, இரண்டேகால் மணித்தியாலத்தில் 2337 மீட்டரில் திரிஃப்ட் மலைவிடுதி. சிவனொளிபாத உச்சியைவிட உயரத்தில் இருக்கிற விடுதி. உங்களுக்கோ அது பாதி வழிகூட இல்லை. அங்கிருந்து புல்வெளி, பிறகு கல், பிறகு 3100 மீட்டருக்கு மேலே ஒரு பனி வெளி. அதைக் கடந்து கடைசியில் ஒரு கற்கூம்பு. ஏற ஐந்து மணித்தியாலம், இறங்க மூன்றரை. மஞ்சள் பலகையில் எழுதியிருக்கிற நேரத்தில் இளைப்பாறுவது சேராது என்பதை நினைவில் வையுங்கள். இங்குள்ள பலகைகள் எல்லாமே அப்படித்தான்.

முதல் தடவை நான் போனது பேர்ணிலிருந்து ஒரே நாளில். செர்மாட்டில் எட்டரைக்கு நடக்கத் தொடங்கினேன். பனி வெளிக்குப் போனபோது ஒன்றரை. மத்தியான வெயிலில் பனி இளகி, ஒவ்வொரு அடிக்கும் முழங்கால்வரை உள்ளே போனது. காலை இழுத்து எடுத்தால் அந்தக் குழிக்குள் நீல நிறத்தில் ஒரு வெளிச்சம். அழகாகத்தான் இருந்தது. ஆனால் அது பனியாற்றின் மிச்சம், நான் தனியாக நிற்கிறேன், வடமேற்கே வைஸ்ஹோர்ன் பக்கம் முகில் ஏறிக்கொண்டிருந்தது. உச்சிக்கூம்பு முன்னால் தெரிந்தது, இன்னும் முக்கால் மணித்தியாலம் இருந்திருக்கும். திரும்பினேன். திரிஃப்டுக்கு வர இடி முழங்கியது, விடுதிக் கூரைக்கு அடியில் நின்று மழையைப் பார்த்தேன். அன்றைக்கு ஊருக்கு இறங்கியபோது தொடை நடுங்கிப் படிக்கட்டில் நிற்க முடியவில்லை.

இரண்டாம் தடவை திரிஃப்ட் விடுதியில் இரவு தங்கினேன். விடிய ஆறு மணிக்கு வெளிக்கிட்டேன். பனி இறுகிக் கண்ணாடி போலக் கிடந்தது; முன்னே போனவர்களின் அடிகள் படிக்கட்டு மாதிரி உறைந்திருந்தன. நடைக்கம்பும் சப்பாத்தில் மாட்டும் சின்னப் பற்களும் இருந்தபடியால் இருபது நிமிடத்தில் கடந்துவிட்டேன். ஒன்பதரைக்கு உச்சி. வைஸ்ஹோர்ன், 4500 மீட்டருக்கு மேல் எழும்பிய வெள்ளைக் கூர்ங்கோபுரம், பக்கத்து வளவில் நிற்பது போல நின்றது. மாட்டர்ஹோர்ன் தென்மேற்கே கொஞ்சம் தள்ளி. செர்மாட் நேர் கீழே, காலடியில். முதல் நாள் பாண் வாங்கிய தெருவையே மேலேயிருந்து கண்டுபிடிக்கலாம். மற்ற மூன்று மலையிலும் எனக்கு அது கிடைக்கவில்லை. அவற்றில் இயந்திரம் கொண்டுபோய் விட்ட இடத்திலிருந்துதான் நடந்தேன். இதில் என் காலடிக்கும் அந்தத் தெருவுக்கும் இடையில் உள்ள ஒவ்வொரு மீட்டரையும் நானே ஏறியிருக்கிறேன். மாட்டர்ஹோர்ன் ஏற வருகிறவர்கள் தங்கள் உடம்பைச் சோதிக்க முதலில் மெட்டல்ஹோர்னில் ஏறுவது பழைய வழக்கம். ஏன் என்று அன்றைக்குப் புரிந்தது.

பனி சரியில்லாத நாளுக்கு ஒரு மாற்றும் உண்டு. பனி வெளிக்குப் போகாமல் பக்கத்தில் உள்ள பிளாட்ஹோர்னில் ஏறலாம், 3345 மீட்டர். அறுபது மீட்டர்தான் குறைவு. முதல் தடவை எனக்கு அது தெரிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஹோர்ன்லி விடுதிக்குப் போகலாமா என்றும் பலர் கேட்பார்கள். மாட்டர்ஹோர்ன் அடிவாரத்தில், 3260 மீட்டரில் இருக்கிறது. ஸ்வார்ட்சே கேபிள் நிலையத்திலிருந்து இரண்டு, இரண்டரை மணித்தியாலம். இரும்புப் படிகளும் கயிறும் உள்ள நல்ல பாதை. ஆனால் அது சிகரம் இல்லை. அதோடு மாட்டர்ஹோர்னுக்கு அவ்வளவு கிட்டப் போனால் அதன் வடிவம் தெரியாது, வெறும் கற்சுவர்தான் தெரியும். ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் நான் அதைத் தெரிய மாட்டேன்.

செலவைப் பற்றியும் சொல்லவேண்டும், அதை மறைத்து எழுதுவது நியாயமில்லை. மெட்டல்ஹோர்னுக்கு மலையில் ஒரு சதமும் இல்லை, ஒரு இரவு தங்குகிற செலவு மட்டும். கோர்னர்கிராட்டும் ரோட்ஹோர்னும் முழுக் கட்டணத்தில் நாலு பேர் குடும்பத்துக்குக் கனக்கும். சுவிசில் இருக்கிறவர்கள் ஹல்ப்டாக்ஸ் அட்டையைக் காட்டினால் பாதி. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கும் ஒரு மாதத்துக்கு அரைக் கட்டண அட்டை உண்டு, வருமுன் கணக்குப் பார்த்து வாங்குங்கள். பிரைட்ஹோர்னுக்குக் கேபிள் காரோடு வழிகாட்டி, வாடகைச் சாமான்கள் எல்லாம் சேரும். நான்கில் மிகக் கூடுதலான செலவு அதற்குத்தான். மலை மீட்புச் செலவுக்குக் காப்புறுதி இருக்கிறதா என்பதையும் பாருங்கள். ஹெலிகொப்டர் வந்தால் கட்டணம் உங்களுக்குத்தான் வரும். வலே மாநிலத்தில் மலையில் ஆபத்தென்றால் அழைக்கவேண்டிய இலக்கம் 144.

காலம் என்றால் யூலை நடுவிலிருந்து செப்டெம்பர் நடுவரை. யூன் மாதத்தில் ஊரில் பூப் பூத்திருக்கும், மேலே பாதை பனிக்குள் கிடக்கும். பாதைக் குறி வெள்ளை-சிவப்பு-வெள்ளையாக இருக்கும்வரை கணுக்காலைப் பிடிக்கும் சப்பாத்தும் நிதானமும் போதும். வெள்ளை-நீலம்-வெள்ளை கண்டால் அது வேறு ஆட்களுக்கான பாதை, திரும்பிவிடுங்கள்.

போன வருடம் அன்றிரவு இவ்வளவும் சொல்லி முடித்தபோது தேத்தண்ணி ஆறிவிட்டது. மருமகன் முகம் கொஞ்சம் வாடியது. அம்மா சொன்னார், "எல்லாரும் ஒரே மலைக்குத்தான் போகவேணும் எண்டு ஆர் சொன்னது?" அதுதான் தீர்ப்பாயிற்று. அடுத்த நாள் செர்மாட்டில் இறங்கியதும் இரண்டாகப் பிரிந்தோம். அம்மாவும் அத்தானும் கோர்னர்கிராட் ரெயிலில். அக்காவும் மருமகனும் நானும் சுன்னெக்கா சுரங்கத்துக்குள்.

கயிறு கட்டிய இடத்தில் அக்கா நின்றுவிட்டார். கீழே பார்க்காமல் பாறையில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றார். நான் வாய் திறக்க முதலே மருமகன் திரும்பி வந்து, அவருக்கும் விளிம்புக்கும் நடுவில் நின்றுகொண்டான். "அம்மா, என்ர சப்பாத்தைப் பாருங்கோ. அது வைக்கிற இடத்தில வையுங்கோ." இருபது அடி அப்படியே போனார்கள். உச்சியில் அக்கா அவனோடு ஒன்றும் கதைக்கவில்லை, ரோல்ஸில் பெரியதை எடுத்து அவன் கையில் வைத்தார். தூரத்தில் கோர்னர்கிராட் மேடு தெரிந்தது. அங்கே இருந்த என் அம்மாவை மருமகன் கைபேசியில் கூப்பிட்டு, தான் மஞ்சள் ஜக்கெட்டோடு கை காட்டுவதாகச் சொன்னான். அந்தத் தூரத்தில் தெரிந்திருக்காது. தெரியுது தெரியுது என்றார் அம்மா.

இந்த வருடம் ஓகஸ்ட் கடைசியில் மருமகன் தனியாக வருகிறான். திரிஃப்ட் விடுதியில் இரண்டு கட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். லண்டனில் வேலை செய்கிற கட்டடத்தில் கிழமைக்கு மூன்று நாள் பன்னிரண்டு மாடியும் படியால் ஏறுகிறானாம், இறங்குவதும் படியாலேதானாம். பனி இளகிக் கிடந்தால் பிளாட்ஹோர்னோடு திரும்பிவிடுவோம் என்று இப்போதே சொல்லிவிட்டேன். சரி மாமா என்றிருக்கிறான்.